ஹெக்ஸாடெக்கேனில் வளர்த்தால் 16:0 ஏன் ஏறுகிறது?

உப்பங்கழி:
எண்ணெயைத் தின்னும் கடல் பாக்டீரியா ஆல்கானிவோராக்ஸ் போர்குமென்சிஸ் எஸ்கே2, ஒரு குடுவை அசிடேட்டில், ஒன்று ஹெக்ஸாடெக்கேனில் (16 கார்பன் ஆல்கேன்). மொத்தக் கொழுப்பு அமிலத்தை மெத்தில் எஸ்டராக்கி ஜிசியில் (வாயு நிறப்பிரிகை) விட்டால், எண்ணெய்க் குடுவையில் 16:0, 16:1 ஏறி 18:1 இறங்கியிருக்கிறது (முதல் எண் கார்பன், இரண்டாவது இரட்டைப் பிணைப்பு). நச்சைத் தாங்கச் சவ்வை இறுக்குகிறது என்று எழுதலாமா?

லிப்பிட்மேசை:
வேண்டாம். இதில் பெரும்பங்கு தீனியின் விளைவு. ஆல்க்பி (AlkB) நொதி ஆல்கேனின் ஒரு முனையை ஆல்கஹாலாக்குகிறது. அது ஆல்டிஹைடாகி, 16 கார்பனும் குலையாமல் பால்மிடிக் அமிலமாகிறது, அதாவது 16:0. ஒரு பகுதி பீட்டா ஆக்சிஜனேற்றத்தில் உடைகிறது, மீதி நேரே சவ்வுக்குப் போகிறது. அதே வெப்பநிலையில் ஹெப்டாடெக்கேன் (17 கார்பன்) கொடுத்துப் பாருங்கள். 15:0, 17:0, 17:1 குவிந்தால் சந்தேகமே இல்லை. அந்த ஓட்டத்துக்கு 17:0, 19:0 இரண்டையும் இன்டர்னல் ஸ்டாண்டர்டாக (அளவை ஒப்பிட நாமே சேர்க்கும் அமிலம்) வைக்காதீர்கள், 21:0 போதும்.

‘மொத்த’ என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நைட்ரஜன் குறைந்தால் இந்தப் பாக்டீரியா மெழுகு எஸ்டரையும் டிரைகிளிசரைடையும் சேமித்துவைக்கும். அவற்றின் 16:0-வும் உங்கள் கணக்கில் விழும். சிலிக்கா நிரப்பிய பிரிப்புக் குழாயில் (column) குளோரோஃபார்ம், அசிட்டோன், மெத்தனால் என வரிசையாக விட்டு, மெத்தனாலில் இறங்கும் பாஸ்போலிப்பிட்டை, அதாவது சவ்வின் கொழுப்பை மட்டும் எடுங்கள். மிச்ச ஹெக்ஸாடெக்கேனும் குளோரோஃபார்மிலேயே போய்விடும்.

கரைவலை:
அறுவடையிலும் கவனம் தேவை. ஹெக்ஸாடெக்கேன் 18 டிகிரியில் உறையும். 4 டிகிரியில் சுழற்றினால் மேலே வெள்ளை வில்லையாக நிற்கும், எண்ணெயை ஒட்டிப் பிடித்த செல்கள் அதற்குள் இருக்கும். அடிப்படிவை மட்டும் எடுத்தால் எண்ணெயைத் தொடாத செல்களைத்தான் அளப்பீர்கள். வில்லையையும் சேர்த்தே பிரித்தெடுங்கள்.

உப்பங்கழி:
நன்றி. அடுத்து டீசல் கொடுக்க எண்ணம்.

லிப்பிட்மேசை:
அங்கே இரண்டு விளைவும் கலந்துவிடும். டொலுயீன், நாப்தலீன் போன்ற சிறு அரோமாட்டிக்குகள் சவ்வைத் தளர்த்தும். அதுதான் நீங்கள் சொல்லும் நச்சு. சூடோமோனாஸ், விப்ரியோ இனங்கள் சில அப்போது வளைந்த சிஸ் அமிலத்தை நேரான டிரான்ஸ் ஆக்கும். செல் வளராமலே நிமிடங்களில் நடப்பது இது. எனவே டிரான்ஸ்/சிஸ் விகிதத்தைத் தனியே பாருங்கள், அதற்கு முனைவுள்ள (polar) ஜிசி குழாய் வேண்டும். முனைவு குறைந்த டிபி-5 குழாயில் டீசலின் நோனாடெக்கேன் (19 கார்பன் ஆல்கேன்) 16:1 எஸ்டரை ஒட்டியே வரும். மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் மெத்தில் எஸ்டருக்கே உரிய 74 அயனி இருக்கிறதா என்று பார்த்தபின் பரப்பை எடுங்கள்.

கரைவலை:
இரண்டு குடுவையையும் ஒரே வளர்ச்சிக் கட்டத்தில் நிறுத்துங்கள். தேக்க நிலைக்குப் போனால் பல பாக்டீரியாக்களில் 16:1 சைக்ளோபுரொப்பேன் 17 ஆக மாறும், அதை எண்ணெயின் தலையில் கட்டிவிடுவோம்.