ஜூன் 30 இரவு போட்ட பில் ஜூலை 1-க்குப் போய்விட்டது (மைஎஸ்க்யூஎல் 8 டேட்டாபேஸ்)

கத்ர்போர்ன்வாசி:
வணக்கம். மொரிஷியசில், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரை உணவகம் ஒன்றின் பில்லிங் மென்பொருளை நான்தான் எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். இங்கே நிதியாண்டு ஜூன் 30-ஓடு முடியும். அன்றைய கடைசி பில் 1,840 ரூபாய். அச்சான தாளில் ஜூன் 30, 23:59:59; டேட்டாபேஸில் ஜூலை 1, 00:00:00. மறுநாள் கல்லாவில் அந்த 1,840 துண்டு விழ, பகல் காசாளர் பெண்ணின் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. டைம்ஸோன் சரி, கடிகாரத்தை முன்பின் நகர்த்தும் வழக்கமும் 2009-க்குப் பிறகு இங்கே இல்லை. மென்பொருள் தானே எழுதிவைக்கும் லாகில் 23:59:59.612 என்று இருக்கிறது. எங்கே தவறு?

பழைய டிபிஏ:
அந்த .612-தான் காரணம். டேபிளில் நேரத்தை வைக்கும் உங்கள் நெடுவரிசை (column) வெறும் டேட்டைம் வகைதானே? அதில் விநாடிக்குக் கீழே இடமில்லை. மிச்சத்தை மைஎஸ்க்யூஎல் வெட்டாது, பக்கத்து முழு விநாடிக்கு ரவுண்டு செய்யும். .499 வந்தால் ஜூன் 30-லேயே நிற்கும், .500 வந்தால் நாளே மாறும். பிரின்டர் வெட்டி அச்சிட்டிருக்கிறது, அதனால்தான் தாள் சரி. நெடுவரிசையை டேட்டைம்(3) ஆக்குங்கள், விநாடிக்குக் கீழே மூன்று இலக்கம் நிற்கும்; ஒரு பதிவுக்கு 2 பைட்தான் கூடும். நேரம் தராதபோது தானாக விழும் டீஃபால்ட்டையும் கரன்ட்_டைம்ஸ்டாம்ப்(3) என்று மாற்றாவிட்டால், டேபிளை மாற்றும் ஆல்டர் கட்டளை எர்ரர் அடிக்கும். ஏற்கெனவே ரவுண்டு ஆனவை திரும்பி வராது, லாகிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

யாங்கோன் தம்பி:
அண்ணா, ஆல்டர் பண்ணுமுன் ரிப்போர்ட்டைப் பாருங்கள். 'பிட்வீன் ... 23:59:59' (இந்த நேரம் வரை) என்று எழுதியிருந்தால், மாற்றியபின் .612 பில் எந்த நாளிலும் சேராமல் விடுபட்டுப் போகும். 'ஜூன் 30-க்குச் சமம் அல்லது மேல், ஜூலை 1-க்குக் கீழ்' என்றே எழுதுங்கள். 23:59:59.999 என்று போட்டுத் தப்பிக்கலாம் என்பார்கள், வேண்டாம். மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைமில் அதுவே மறுநாள் 00:00:00 ஆகிவிடும். டேபிளைத் தொட முடியாதவர்களுக்கு, ரவுண்டு செய்யாமல் வெட்டச் சொல்லும் டைம்_ட்ரங்கேட்_ஃப்ராக்‌ஷனல் என்ற எஸ்க்யூஎல் மோட் 8.0-இல் உண்டு. மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி தானாகவே வெட்டும், சர்வர் மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

கத்ர்போர்ன்வாசி:
இருவருக்கும் நன்றி. ரிப்போர்ட்டில் பிட்வீன்தான் இருந்தது, திருத்திவிட்டேன். இன்னொரு புதிரும் அவிழ்ந்தது: சில பில்களில் திருத்திய நேரம், உருவான நேரத்துக்கு ஒரு விநாடி முந்தி நின்றது. உருவான நேரம் ஆப்பிலிருந்து வந்து மேலே ரவுண்டு ஆகியிருக்கிறது. திருத்திய நேரம், டேட்டாபேஸே இப்போதைய நேரத்தைத் தரும் நவ்(); அது பின்னத்தை வெட்டித் தருகிறது. இனி நவ்(3).

லாகையும் தாளையும் எடுத்துப்போய் மேலாளரிடம் காட்டினேன். பணத்தை இந்த மாதச் சம்பளத்தோடு திருப்பிக் கொடுக்கிறார்கள். தவறு என் டேபிளில்தான் என்று அந்தப் பெண்ணிடமும் நேரில் சொல்லிவிட்டு வந்தேன்.