100 சிசி வண்டியோட சிக்கமகளூர் கேம்பிங் ரேலி: ஆறு பேர் சேர்ந்து எப்படிப் போறது?

நாலுரோட்டான் (தர்மபுரி):

எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரில சிக்கமகளூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்ல பைக் ரேலி. ரெண்டு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கணும். டென்ட் நம்மளுது, சாப்பாடு அவங்களுது. ஆறு பேர் கிளம்பறோம், அஞ்சு வண்டி. எல்லாரும் ஒரே பெஞ்ச்ல உட்கார்ந்து படிச்சவனுங்க. வயசு 34தான், முதுகுவலி மட்டும் 50ஐத் தொட்டாச்சு.

சிக்கல் அஞ்சாவது வண்டிலதான். மூணு பேர்கிட்ட 350 சிசி வண்டி (என்னோடதும் சேர்த்து), ஒருத்தன்கிட்ட 390. பாலக்கோட்டுக்காரன்கிட்ட மட்டும் 2012 மாடல் ஸ்பிளெண்டர். அவன் மாந்தோப்பும் நாலு மாடும் வச்சிருக்கான். விடிஞ்சதும் சொசைட்டிக்குப் பால் ஊத்தணும், அதுக்காக வண்டிக்கு ரெண்டு பக்கமும் கேன் மாட்டற கம்பி ஸ்டாண்டு வெல்டிங் அடிச்சு வச்சிருக்கான். பிப்ரவரில மாமரம் பூத்து நிக்கும், மருந்தடிக்கிற வேலை தலைக்கு மேல கிடக்கும். அதையெல்லாம் அம்மாகிட்டயும் தம்பிகிட்டயும் விட்டுட்டு வரேன்னு முதல்ல கையைத் தூக்கினவனே அவன்தான்.

390காரன், "என் பின்னாடி உக்காந்துக்கட்டும், ஸ்பிளெண்டரைப் பாத்துப் பாத்துப் போனா மறுநாள்தான் போய்ச் சேருவோம்"ங்கறான். இவன், "என் வண்டி வரலைன்னா நானும் வரல, உக்காந்து போறதுக்கு பஸ் இருக்கு"ங்கறான். வாட்ஸ்அப் குரூப்ல மூணு நாளா இதே சண்டை. ஒருத்தன் குரூப்பை விட்டே போயி, சாயங்காலம் திரும்பி வந்தான்.

தர்மபுரில இருந்து சுமார் 370 கிமீ வருது. ஒரே நாள்ல அந்த வண்டியை வச்சுக்கிட்டுப் போக முடியுமா? கிருஷ்ணகிரி வழியா, பாலக்கோடு வழியா? இன்னொண்ணு, எங்கள்ல ஒருத்தனும் டென்ட்ல படுத்ததே இல்ல. அனுபவஸ்தர்கள் சொல்லுங்க.

சும்மா வந்தேன்:

ஸ்பிளெண்டரை ரேலிக்கு வரச் சொல்லுங்க. மத்த நாலையும் தக்காளி லாரில ஏத்தி விடுங்க.

பட்டறைக்காரன் (காவேரிப்பட்டணம்):

தம்பி, 26 வருஷமா பட்டறை வச்சிருக்கேன். ஸ்பிளெண்டர் போகுமான்னு கேக்காத. அது தினமும் பால் கேனைச் சுமந்து வரப்பு மேல ஏறி இறங்கற வண்டி. வாரத்துக்கு ஒரு நாள் டீக்கடை வரைக்கும் போற உன் 350 போகுமான்னு கேளு.

என் கதையைச் சொல்றேன். செல்போன் எல்லார் கையிலயும் வராத காலம், எட்டு வண்டில கொல்லிமலைக்குக் கிளம்பினோம். 70 கொண்டை ஊசி வளைவு, யார் முதல்ல ஏர்றதுன்னு வீட்டுலயே பந்தயம் கட்டிட்டானுங்க. நான் கடைசி வண்டி. ராசிபுரம் தாண்டினதும் பின் டயர்ல ஆணி. ஹாரன் அடிச்சுப் பாத்தேன், எவனும் திரும்பல. எட்டு பேர்ல மெக்கானிக் நான் ஒருத்தன்தான், ஆனா டூல்ஸ் பை முதல் வண்டில போயிடுச்சு! வேகாத வெயில்ல மூணு கிமீ தள்ளினேன். அவனுங்க அடிவாரத்துல டீ குடிச்சு, பஜ்ஜி தின்னு, காசு குடுக்கும்போதுதான் ஒரு தலை குறையுதேன்னு பாத்திருக்கானுங்க.

அன்னில இருந்து எங்க முறையே வேற. வழி தெரிஞ்ச நிதானமான ஆள் முதல்ல. அவனுக்கு அடுத்த வண்டி, கூட்டத்துலயே மெதுவா போறது, அதாவது உங்க ஸ்பிளெண்டர். மெதுவா போறவனைக் கடைசில விட்டா, நிக்கிற இடத்துக்கெல்லாம் அவன் வந்து சேரும்போது மத்தவன் கிளம்பத் தயாரா இருப்பான். பாவம், ஒரு டீ குடிக்க நேரம் இருக்காது. கடைசி வண்டில டூல்ஸ், காத்தடிக்கிற பம்பு, பஞ்சர் சாமான், கொஞ்சம் பொறுமை. அந்தக் கடைசி வண்டிக்காரனை யாரும் தனியா விட்டுட்டுப் போகக்கூடாது, அவனும் யாரையும் முந்தக்கூடாது. ஒவ்வொருத்தனும் கண்ணாடில தனக்குப் பின்னாடி வர்ற லைட்டைப் பாத்துக்கிட்டே இருக்கணும். காணோம்னா வேகத்தைக் குறை. நீ குறைச்சா உனக்கு முன்னாடி போறவனும் குறைப்பான், அப்படியே முதல் ஆள் வரைக்கும் சேதி போயிடும். போனே வேண்டாம்.

திரும்பற இடத்துல ஸ்பிளெண்டருக்குப் பின்னாடி வர்றவன் ஓரம் நிறுத்திக் கையைக் காட்டணும். கடைசி ஆள் வந்த பிறகு எடுத்துச் சேர்ந்துக்கலாம். ஒரே கோட்டுல முட்டிக்கிட்டுப் போகாம, ஒருத்தன் இடப்பக்கம் அடுத்தவன் வலப்பக்கம்னு தள்ளித் தள்ளிப் போங்க. வளைவு வந்தா மட்டும் ஒத்தை வரிசை.

வேகம் 60, 65 போதும். ஒன்றரை மணிக்கு ஒரு தரம் இறங்கு. பெட்ரோல் கணக்கும் பாரு: ஸ்பிளெண்டர் டேங்க் 10 லிட்டர்னே வச்சுக்கோ, லிட்டருக்கு 55 குடுத்தாலும் 500 கிமீ தாண்டும். 390க்கு 13 லிட்டர் சொச்சம், முறுக்கி ஓட்டினா 25தான் குடுக்கும். முதல்ல பங்க்குல நிக்கப் போறது யாரு?

350ல ஸ்போக் வீல்னா உள்ள டியூப் இருக்கும், டியூப்லெஸ் டயர் மாதிரி நடுரோட்டுல ஓட்டைல பிளக் அடிச்சுட்டுக் கிளம்ப முடியாது. முன்னுக்கு ஒண்ணு, பின்னுக்கு ஒண்ணு டியூப் வாங்கி வை. பால்காரன் வண்டிக்கு செயின், பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள் மூணையும் பாக்கச் சொல்லு. பழைய கேபிள் நல்லா இருந்தா தூக்கிப் போடாத, சீட்டுக்கு அடில சுருட்டி வை.

ஓசூர் நைட்ஷிப்ட்:

வழி நான் சொல்றேன். கிருஷ்ணகிரி வேண்டாம், அதியமான்கோட்டை, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர்னு வாங்க. இப்போ பெரும்பாலும் நாலு வழிச் சாலை, நேஷனல் ஹைவே 844. உங்க நண்பரையும் போற வழிலயே சேத்துக்கலாம். விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினா எங்க கம்பெனி பஸ்ஸெல்லாம் ஓசூர் ரோட்டுக்கு வர்றதுக்குள்ள அத்திப்பள்ளியைத் தாண்டிடலாம். ஷிப்ட் மாத்தற நேரத்துல மாட்டினீங்கன்னா 65 இல்ல, 6.5தான்.

பெங்களூருக்குள்ள நுழையாதீங்க. எலக்ட்ரானிக் சிட்டிகிட்ட நைஸ் ரோடு பிடிச்சு தும்கூர் ரோட்டுல ஏறுங்க. ஹைவேல டூவீலருக்கு டோல் இல்லன்னு பழகிட்டோம், நைஸ் ரோட்டுல நமக்கும் உண்டு. கிளவுஸை மாட்டிக்கிட்டு பர்ஸைத் தேடாம, சில்லறையை சட்டைப் பையில வச்சுக்கோங்க. அப்புறம் நெலமங்களா, குணிகல், சன்னராயபட்டணா, ஹாசன், பேலூர். எவனாவது மைசூர் எக்ஸ்பிரஸ்வேல போலாம்னு சொன்னா நம்பாதீங்க, அதோட மெயின் ரோட்டுல 2023 ஆகஸ்ட்ல இருந்து பைக் விடறதில்ல.

பேலூர்ல ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. சென்னகேசவர் கோயில், 1117ல விஷ்ணுவர்தனன் கட்டினது. கல்லுல நகை செஞ்சு வச்சிருக்கான். முதுகுவலிக்கும் நல்லது.

முறுக்கு:

பெரிய வண்டியை 370 கிமீ முழுக்க 65ல ஓட்டச் சொல்றது தண்டனைங்க. தூக்கம் வந்துடும். 390காரரை ஹாசன்ல சந்திக்கலாம்னு சொல்லி விட்டுடுங்க.

பட்டறைக்காரன் (காவேரிப்பட்டணம்):

தாராளமா விடலாம், ஆனா வீட்டுலயே பேசி முடிச்சுக்கணும். பாதி வழில ஒருத்தன் முறுக்கிக்கிட்டுப் போறதுதான் வம்பு. அவனைப் பிடிக்கணும்னு பின்னாடி இருக்கறவன் தன் கைக்கு மீறி ஓட்டுவான். விழறது எப்பவும் அவன்தான்.

பென்னாகரத்து அக்கா:

தம்பி, நானும் வீட்டுக்காரரும் ஸ்கூட்டர்லயே போய் டென்ட்ல தங்கினவங்க. வாங்கின டென்ட்டை முதல் முதலா அங்க போய்ப் பிரிக்காதீங்க. நாங்க அப்படித்தான் பிரிச்சோம், இருட்டுல டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு. ஒரு குச்சி எங்க போறதுன்னு கடைசி வரைக்கும் தெரியல.

மேடான இடமா பாத்துப் போடுங்க. கீழ விரிக்கிற தார்ப்பாய் டென்ட்டை விட ஒரு சாண் சின்னதா இருக்கணும். வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா பனித்தண்ணி வழிஞ்சு அதுல விழுந்து அடில ஓடிடும். குளிர் மேல இருந்து வர்றத விட மண்ணுல இருந்துதான் ஏறும், அதனால ரெண்டு போர்வை இருந்தா ஒண்ணை மடிச்சு கீழ போடுங்க. எவ்வளவு குளிர்னாலும் அடுப்பையோ கரித்தட்டையோ உள்ள கொண்டு போயிடாதீங்க, புகை தெரியாமலே ஆளை முடிச்சிடும். எஸ்டேட் மண்ணு பொதபொதன்னு இருக்கும், ராத்திரி சைடு ஸ்டாண்டு இறங்கி வண்டி சாஞ்சிடும். அடில ஒரு தட்டைக் கல்லு வைங்க. காதுல வைக்கப் பஞ்சு மறக்காதீங்க. ரேலில சைலன்சர் கழட்டின ஒரு புண்ணியவான் 2 மணிக்குத்தான் வண்டியை முறுக்குவான்.

அதுக்கு முன்னாடி எல்லா மூட்டையையும் கட்டிக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை ஒகேனக்கல் வந்துட்டுப் போங்க. எங்க ஊர் தாண்டினதும் இறங்கற காட்டு ரோடு போதும், யார் மூட்டை ஆடுது, யார் பிரேக் கத்துதுன்னு தெரிஞ்சிடும். வெளிச்சத்துலயே திரும்பிடுங்க. முக்கியமா, அந்தத் தம்பிக்கு மாந்தோப்பு இருக்கே, ஒரு ராத்திரி அங்கயே டென்ட் போட்டுப் பாருங்களேன்!

நாலுரோட்டான் (தர்மபுரி):

ரெண்டு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். அக்கா சொன்ன ரெண்டையும் செஞ்சாச்சு.

சனிக்கிழமை ராத்திரி தோப்புல. மூணு டென்ட்ல ஒண்ணுதான் ஒழுங்கா நின்னுச்சு. என்னோடது விடிகாலைல மூஞ்சி மேல படுத்திருந்தது. குளிருக்கு முன்னாடி பூவுல மொய்க்கிற பூச்சிதான் தூங்க விடல. 4 மணிக்கெல்லாம் அவன் எந்திரிச்சு மாட்டுக்குத் தீனி வைக்கிற சத்தம். நாங்க கண்ணு திறக்கறதுக்குள்ள சொசைட்டிக்குப் போய்ப் பால் ஊத்திட்டு, கேனைக் கழுவிக் கவுத்தாச்சு.

ஞாயிறு ஒகேனக்கல். பட்டறை அண்ணன் சொன்ன மாதிரியே வரிசை: நான் முதல்ல, ஸ்பிளெண்டர் ரெண்டாவது, 390 கடைசி, டூல்ஸ் அவன்கிட்ட. கடைசில வர்றவன்தான் பொறுப்பான ஆள்னு சொன்னதும் முறுக்கறதைப் பத்தி அவன் பேசவே இல்ல. ஆனா மலை இறக்கத்துல மூணாவது வளைவுலயே அவன் சீட்டு மேல கட்டின டென்ட் மூட்டை சரிஞ்சு சக்கரத்தை உரச ஆரம்பிச்சுது. வாசனை எங்க வரைக்கும் வந்துது. நிறுத்திப் பாத்தா பையில உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, அதுக்குள்ள டென்ட் துணியும் போச்சு. கண்ணாடில கடைசி லைட்டைக் காணோம்னு முதல்ல வேகத்தைக் குறைச்சது ஸ்பிளெண்டர்காரன்தான். கீழ மீன் வறுவல் வாங்கிக்கிட்டு உக்காந்தோம், பிரெட் பாக்கெட்டை குரங்கு தூக்கிக்கிட்டுப் போச்சு. அது தனிக் கதை.

திரும்பும்போது மூணு டென்ட்டும் ஸ்பிளெண்டர் பால் கேன் ஸ்டாண்டுலதான் வந்துது. இம்மி ஆடல. ரேலிக்கும் அப்படியேதான், வெள்ளிக்கிழமை 4 மணி, பாலக்கோடு வழி.

390காரன் நேத்து அந்த ஸ்டாண்டு அடிச்ச பட்டறையோட விலாசம் கேட்டு வாங்கிப் போயிருக்கான். வண்டியை ஒரு சுத்து சுத்திப் பாத்த பட்டறைக்காரர், "இதுல கேனை எங்கப்பா மாட்டறது, முதல்ல ஒரு மாடு வாங்கு"ன்னு அனுப்பிட்டாராம்.