புதுப்பிப்பு: நான் தேடிய பிரதி அதிபரைக் கண்டுகொண்டேன்

1995 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, வன்னி வழியாகக் கொழும்பு வந்த என்னைத் தமது பாடசாலையில் சேர்த்துக்கொண்ட பிரதி அதிபரைத் தேடுவதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். உங்களில் ஒருவர் தந்த தகவலால் கடந்த ஞாயிறன்று அந்த அம்மையாரை வெள்ளவத்தையில் சந்தித்தேன்.

விடுகைப் பத்திரம் இல்லாமல் வந்த எங்களிடம் அவர் கேட்டது பழைய அப்பியாசக் கொப்பிகளை மட்டுமே. அவற்றைப் புரட்டிப் பார்த்தே வகுப்பைத் தீர்மானித்தார். தேசிய அடையாள அட்டை கிடைக்கும்வரை, நாங்கள் அப்பாடசாலை மாணவர்கள் என்று சிங்களத்தில் எழுதி, அதிபரின் முத்திரையுடன் ஒவ்வொருவருக்கும் கடிதம் தந்தார். 1996 ஜனவரி 31 இல் மத்திய வங்கி குண்டுவெடிப்பில் தகர்ந்த அன்று, எவரையும் தனியே வெளியே விடாமல், ஆசிரியர்களைப் பிரித்தனுப்பி, சோதனைச் சாவடிகளைக் கடந்து எங்களை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்த்ததை நான் முன்பு எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும்.

அன்று தமக்கும் அச்சமிருந்தது என்று இப்போதுதான் சொன்னார். அக்கடிதத்தை நான் இன்னும் வைத்திருப்பதைக் கண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பேசாமலிருந்தார்.