சிவப்புக் குண்டு வைத்த தையல் பிரிப்பான்

தையல் இயந்திரத்தோடு வரும் சில்லறைச் சாமான்களில் தையல் பிரிப்பானும் ஒன்று. பலர் அதை இழுப்பறையில் போட்டுவிட்டுக் கத்தரி நுனியாலும் பிளேடாலும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கோ மேசையில் அது இல்லையென்றால் கை ஓடாது. பொழுது போகாவிட்டால் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே யோசிப்பது வேறு ஒரு பழக்கம்.

விரல் நீளக் கைப்பிடி, அதன் முனையில் கவைபோல் பிரிந்த இரும்பு. நீண்ட கிளை ஊசிக்கூர். குட்டைக் கிளையின் நுனியில் சிவப்புக் குண்டு. இரண்டும் சேரும் உள்வளைவில்தான் வெட்டும் விளிம்பு ஒளிந்திருக்கிறது. என்னிடம் தைக்கப் பழகிய ஒரு பெண் அந்தக் குண்டைத் தொட்டுப் பார்த்து, "அக்கா, இது அழகுக்கா?" என்று கேட்டாள். அன்று அவள் சட்டைக் கையைத் திருப்பி வைத்துத் தைத்திருந்தாள். பிரித்தே காட்டினேன். இரு துணிகளையும் சற்று விலக்கி, குண்டு அடியில் துணியோடு படியும்படியும் கூர்முனை மேலே நிற்கும்படியும் வைத்துத் தள்ளினால், குண்டு வழுக்கிக்கொண்டு போகும். வளைவில் சிக்கும் நூல் மட்டும் அறுபடும். கூர்முனையை அடியில் விட்டுத் தள்ளினால் அது துணியைக் குத்திக் கிழித்துவிடும். இரண்டாவது கையை அவளே பிரித்தாள். அவசியமே இல்லை, அது சரியாகத்தான் இருந்தது!

மெல்லிய துணி என்றால் நான் இப்படித் தள்ளுவதில்லை. ஒரு பக்கம் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாகக் கூர்முனையால் நெம்பி வெட்டிக்கொண்டே போவேன். பிறகு துணியைத் திருப்பி, மறுபக்க நூலின் நுனியைப் பிடித்து இழுப்பேன். மேல்நூலும், அடியிலிருந்து வரும் பாபின் நூலும் துணிக்கு நடுவே ஒன்றையொன்று கோத்துத்தான் தையலே நிற்கிறது. ஒன்று துண்டுதுண்டாகிவிட்டால் மற்றதைப் பிடித்துவைக்க ஆள் இல்லை. சர்ரென்று முழுநீளமாக உருவிக்கொண்டு வந்துவிடும். அந்தச் சுகத்துக்காகவே பிரிக்கலாம் என்று சில நேரம் தோன்றும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் மட்டும் இந்தச் சுகமெல்லாம் இல்லை, கண்ணைப் பிடுங்கும் வேலை.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், வாழ்நாளெல்லாம் தைத்தவர், இதைக் கண்டாலே சிரிப்பார். "ஒழுங்காகத் தைக்கிறவனுக்கு இது எதற்கம்மா?" என்பார். அவர் காஜா, அதாவது பொத்தான் துளை, திறப்பது பாதி பிளேடால். ஒருநாள் நான் காஜாவின் ஒரு முனையில் குறுக்கே குண்டூசியைக் குத்திவிட்டு, மறுமுனையிலிருந்து பிரிப்பானை ஓட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பு குண்டூசியில் முட்டி நின்றது. முனைத் தையலில் ஒரு இழைகூட அறுபடவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. "கொடு, பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவே இல்லை.

நானும் கேட்கவில்லை, புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டேன். எப்படியும் விளிம்பு மழுங்கினால் மாற்ற வேண்டியதுதான். மழுங்கியதை வைத்து அழுத்தினால்தான் கை வழுக்கித் துணி கிழியும். சில மாதம் கழித்து அவரே தேடி வந்தார், கையில் மூடி போட்ட அதே பிரிப்பான்.

"இது மொட்டையாகிவிட்டதம்மா. வேறு வைத்திருக்கிறாயா?"