திருப்பூர் லைன் வீடு வாட்ஸ்அப் குரூப்: ஊசி நுனி

15 நவம்பர் 2025, சனி

ராணி 2ஆம் வீடு (இரவு 8:14): ஓனரம்மா, 5ஆம் வீட்டு ஒடிசா பசங்க குழாயத் திறந்து விட்டே வெச்சிருக்காங்க. அரை மணி நேரமா ஓடுது, தொட்டி காலி. நாளைக்கு ஞாயிறு, ஒரு வாரத்துத் துணி கிடக்கு. 4 பேருன்னு சொல்லிட்டு 6 பேரு இருக்காங்க. காலி பண்ணச் சொல்லுங்கம்மா.

ஓனரம்மா (8:17): நானும் போன மாசமே சொன்னனுங் ராணி. காலைல வந்து பேசறேன்.

செல்வி செக்கிங் (8:21): அம்மா, காலைல வரைக்கும் தாங்காது. குழாய்க்குக் கீழ கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது பிகாஷ். இடது கை ஆள்காட்டி விரல் கத்தரிக்கா மாதிரி வீங்கியிருக்கு. வலி தாங்காம தண்ணியில காட்டிக்கிட்டு இருக்கான்.

செல்வி செக்கிங் (8:22): வியாழக்கிழமை ராத்திரி ஊசி ஏறிடுச்சாம். ரெண்டு நாளா பனியன் வேஸ்ட் துணியச் சுத்திக்கிட்டே வேலைக்குப் போயிருக்கான்.

முருகன் பவர்டேபிள் (8:24): எந்த மிஷின்ல?

செல்வி செக்கிங் (8:25): பேட்லாக் தையல் மிஷின்ல. பனியனோட அடி ஓரத்த மடிச்சு ஓட்டும்போது. பீகார் பசங்க சத் பூஜைக்கும் எலக்‌ஷனுக்கும் போனவங்க பாதிப் பேர் இன்னும் வரல. ஆள் இல்லன்னு இவனை பகல் ஷிப்டும் பாக்க வெச்சு, ராத்திரியும் உக்கார வெச்சிருக்காங்க. விடிகாலை 3 மணிக்கு கண்ணு சொருகியிருக்கு.

டைம்ஆபீஸ் கார்த்தி (8:27): அக்கா, ஈஎஸ்ஐ, அதான் தொழிலாளி காப்பீடு, இருக்கான்னு கேளுங்க.

செல்வி செக்கிங் (8:33): கேட்டேன். கார்டே போடலயாம். கான்ட்ராக்டர் 500 ரூபாய் குடுத்து மருந்துக் கடையில காட்டிக்கச் சொல்லியிருக்கார். சேந்து 40 நாள்தான் ஆகுதாம்.

செல்வி செக்கிங் (8:36): இன்னொன்னு சொல்றான், கேக்கவே முடியல. ஊசி உடைஞ்சிருச்சு. சூப்பர்வைசர் வந்து டேபிளுக்கு அடியில டார்ச் அடிச்சு அரை மணி நேரம் தேடியிருக்கார். இவனும் ரத்தம் வடிய வடிய மண்டி போட்டுத் தேடியிருக்கான். நுனி கிடைக்கவே இல்ல.

ராணி 2ஆம் வீடு (8:37): ஊசிய எதுக்கு அப்படித் தேடணும்?

முருகன் பவர்டேபிள் (8:41): எக்ஸ்போர்ட் துணிம்மா. உடைஞ்ச ஊசித் துண்டு ஒண்ணு பீஸ்ல போயி, அங்க ஒரு குழந்தைக்குக் குத்துச்சுன்னா ஆர்டரே போயிரும். அதனால எல்லாத் துண்டையும் பொறுக்கி, நோட்டுல டேப் போட்டு ஒட்டி, நேரம் எழுதி, கையெழுத்து வாங்குனாத்தான் புது ஊசி. துண்டு கிடைக்கலன்னா அந்தப் பக்கத்து பீஸ் அத்தனையும் நீடில் டிடெக்டர்ல, அதான் துணிக்குள்ள ஊசி இருந்தா காட்டற மிஷின்ல, விட்டு எடுக்கணும். அது நல்ல பழக்கம்தான், தப்பு சொல்லல. ஆனா விரல் அப்படி வீங்குதுன்னா நுனி எங்க இருக்கும்னு யாரும் யோசிக்கலயா?

செல்வி செக்கிங் (8:42): அண்ணே, அவன் அதையேதான் சொல்றான். விரலத் தொட்டுக் காட்டி "அக்கா, உள்ள ஊசி, உள்ள ஊசி"ங்கறான்.

டைம்ஆபீஸ் கார்த்தி (8:43): உடனே ஜிஹெச் கூட்டிட்டுப் போங்க. எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சிடும்.

ராணி 2ஆம் வீடு (8:44): அக்கா, எனக்கு இது தெரியாது. எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் சம்பளம் வாங்கிட்டு வந்தார், வண்டி வாசல்லயே நிக்குது. தாராபுரம் ரோட்டுக்கு அவரே கூட்டிட்டுப் போறார். நீங்களும் வாங்க, அந்தப் பையனுக்குத் தமிழ் அவ்வளவா வராது.

ஓனரம்மா (8:46): செல்வி, காசு வேணும்னா கூப்பிடு கண்ணு. எத்தன மணி ஆனாலும் பரவால்ல.

டைம்ஆபீஸ் கார்த்தி (8:55): டாக்டர்கிட்ட வேலையில அடிபட்டதுன்னு தெளிவாச் சொல்லுங்க அக்கா. கம்பெனி பேரு, தேதி, நேரம் எல்லாம் சீட்டுல வரணும். வீட்டுல குத்திக்கிச்சுன்னு எழுதிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

முருகன் பவர்டேபிள் (9:10): 40 நாள்தான் ஆச்சு, ஈஎஸ்ஐ கிடைக்காதுன்னு கான்ட்ராக்டர் சொல்வானே கார்த்தி?

டைம்ஆபீஸ் கார்த்தி (9:16): சொல்வாங்க. ஆனா அது தப்பு. 78 நாள் கட்டியிருக்கணும்ங்கறது காய்ச்சல், வேற வியாதிக்கு லீவு போட்டு வாங்கற பணத்துக்கு. வேலையில அடிபட்டா அந்தக் கணக்கே கிடையாது, சேந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. வேலைக்குப் போக முடியாத நாளுக்கு சம்பளத்துல 90 சதவீதம் தரணும். கான்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் ஈஎஸ்ஐ கட்ட வேண்டிய பொறுப்பு கம்பெனிக்குத்தான், அவங்க கான்ட்ராக்டர்கிட்ட பிடிச்சுக்கலாம். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. பத்தாயிரம் சம்பளத்துக்கு கம்பெனி குடுக்கறது 325 ரூபாய். இதுக்காக ஒரு ஆளை ரெஜிஸ்டர்ல காட்டாம விடறாங்க, எனக்கு ஆத்திரமா வருது. நானும் வருகைப் பதிவு பாக்கற டைம் ஆபீஸ்லதான் உக்காந்திருக்கேன், புது ஆளைப் பதிய பத்து நிமிஷம் போதும்.

முருகன் பவர்டேபிள் (9:31): நான் 1992ல ஆண்டிபட்டியில இருந்து வந்தப்ப கைமடிக்கற வேலை. டெய்லருக்குப் பக்கத்துல நின்னு பீஸ் மடிச்சு மடிச்சுக் குடுக்கணும். எனக்கும் ஊசி ஏறுச்சு. மிஷின் ஆயில ஊத்தி விட்டாங்க. அந்த நகம் இன்னைக்கும் ரெண்டாப் பிளந்துதான் வளருது. அப்ப நாங்க தெக்கத்தி ஆளுங்க. எங்களுக்கு வீடு குடுக்க யோசிப்பாங்க, ஒரு ரூம்ல எட்டுப் பேர் கிடந்தோம். இந்தப் பசங்களைப் பாக்கறப்ப அதுதான் நினைப்பு வருது.

ஓனரம்மா (9:35): உண்மைதானுங் அண்ணா. எங்க மாமியார் அப்புடித்தான் சொல்லுவாங்க, குடும்பத்தோட வந்தாத்தான் வீடுன்னு. நானும் அதையே பேசிட்டு இருந்திருக்கேன்.

முருகன் பவர்டேபிள் (9:40): 2023 மார்ச்சுல, வடக்கத்தி ஆளுங்களை இங்க அடிக்கறாங்கன்னு அந்தப் பொய் வீடியோ பரவுனப்ப ஞாபகம் இருக்காம்மா? இதே 5ஆம் வீட்டுல இருந்த பசங்க கதவைப் பூட்டிக்கிட்டு ரெண்டு நாள் வெளிய வரல. பீகார்ல இருந்து அதிகாரிங்க குழுவே திருப்பூர் வந்து விசாரிச்சுட்டுப் போச்சு. அப்ப நீங்கதான் சோறு ஆக்கிக் கதவைத் தட்டுனீங்க.

செல்வி செக்கிங் (10:48): எக்ஸ்ரே வந்துடுச்சு. எலும்பை ஒட்டி வெள்ளையா ஒரு கோடு, அரிசி அளவுகூட இல்ல. அதேதான். மரத்துப் போற ஊசி போட்டு எடுக்கறாங்க.

செல்வி செக்கிங் (11:37): எடுத்தாச்சு. டிடி ஊசி போட்டாச்சு. சீழ் நிறைய இருந்துச்சு, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா விரலே போயிருக்கும்னு டாக்டர் திட்டுனார். பையன் சத்தம் போடல. ஒடிசாவுல பலாங்கிர்ல இருக்கற அம்மாவுக்குப் போன் பண்ணினான், இவங்கிட்ட இருந்து ஒரு வார்த்தை வரல, அந்தப் பக்கம் அழுகறது எனக்கே கேட்டுச்சு. நுனியை ஒரு சின்ன பாட்டில்ல போட்டுக் குடுத்திருக்காங்க.

16 நவம்பர் 2025, ஞாயிறு

ராணி 2ஆம் வீடு (காலை 7:05): 5ஆம் வீட்டுத் துணியும் சேத்து ஊற வெச்சுட்டேன். ஓனரம்மா, இன்னைக்கு மோட்டார் ரெண்டு தடவை போடுங்க.

ஓனரம்மா (7:09): போட்டுடறனுங். ஆறு பேர்ல ரெண்டு பேர் நைட் ஷிப்டுதானாம், இருந்துட்டுப் போகட்டும். தண்ணிக்கு மட்டும் தனியா ஒரு டிரம் வாங்கி வெச்சிடறேன்.

டைம்ஆபீஸ் கார்த்தி (9:20): அக்கா, ஜிஹெச் சீட்டு, எக்ஸ்ரே, பாட்டில் மூணையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. திங்கக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டுட்டு பிகாஷ் கூடப் போறேன். முதல்ல ஈஎஸ்ஐ நம்பர் போடணும், அடுத்து விபத்து ரிப்போர்ட். சேந்த தேதியை மாத்திப் போடப் பாப்பாங்க. அவன் வாரச் சம்பளம் வாங்குன சீட்டு ஏதாவது இருக்கா?

செல்வி செக்கிங் (9:26): சீட்டு இல்ல. ஆனா அவங்க ஊர்ப் பக்கம் டிட்லாகர்ல தன்பாத் ஆலப்புழா ரயில் ஏறுன டிக்கெட் பத்திரமா வெச்சிருக்கான். சேந்த அன்னைக்கு பவர் டேபிள்ல, தையல் மிஷின் முன்னாடி உக்காந்து எடுத்த போட்டோவும் அம்மாவுக்கு அனுப்பியிருக்கான், தேதியோட இருக்கு.

டைம்ஆபீஸ் கார்த்தி (9:27): அருமை. அது போதும்.

செல்வி செக்கிங் (11:52): இப்பத்தான் சூப்பர்வைசர் பிகாஷுக்குப் போன் பண்ணினார். எப்படி இருக்கன்னு கேட்டார். அப்புறம் நுனி கிடைச்சுதாமே, ஆடிட் வருது, நோட்டுல ஒட்டணும், குடுத்து விடுன்னார். அவன் போனை எங்கிட்ட குடுத்துட்டான்.

முருகன் பவர்டேபிள் (11:53): நீ என்னம்மா சொன்ன?

செல்வி செக்கிங் (11:55): பாட்டில் எங்கிட்டதான் இருக்கு சார், திங்கக்கிழமை கொண்டு வர்றோம், விபத்து ரிப்போர்ட்ல நீங்க கையெழுத்துப் போடுங்க, நானே ஒட்டித் தர்றேன்னு சொன்னேன்.