புதுப்பிப்பு: அம்மாவின் கீமோ கிளெய்ம்

சர்க்கரை நோயை மறைத்ததாகச் சொல்லி அம்மாவின் கீமோ கிளெய்மை இன்சூரன்ஸ் நிறுவனம் நிராகரித்ததை முன்பு எழுதிப் புலம்பியிருந்தேன். பணம் வந்துவிட்டது. கையுறை, முகக்கவசம் வகையறாவைக் கழித்துவிட்டார்கள், சரி, போகட்டும்.

கைகொடுத்தது ஒரே விதிதான். பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, நோயைச் சொல்லவில்லை என்று காரணம் காட்டி மறுக்க முடியாது. 2024-இல் ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை ஆணையம்) கொண்டுவந்தது. அதற்கு முன் 8 வருடம். எங்கள் பாலிசி அதையும் தாண்டியது. இதைக் காட்டி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன், அசையவில்லை. அப்புறம் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் ஆம்பட்ஸ்மேன்) போனேன். கட்டணம் இல்லை, வக்கீலுக்கு அனுமதியே இல்லை (அந்தச் செலவும் மிச்சம்). நிறுவனம் கைவிரித்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

அடுத்த கீமோவுக்கு கேஷ்லெஸ் (நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்டுவது) கேட்டிருக்கிறோம். நகையை அடகு வைக்கச் சொன்ன சித்தப்பாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.