மறு: சாப்பரோன் – ‘செவிலிப்புரதம்’ என்று வைக்கலாமா?

அன்பர்களே,

நம் கலைச்சொல் பட்டியலில் சாப்பரோனுக்கு (chaperone, மற்ற புரதங்கள் தகாதபடி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் புரதம்) ‘மடிப்புத்துணைப் புரதம்’ என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும். 1978இல் ரான் லாஸ்கியும் கூட்டாளிகளும் ‘மூலக்கூற்றுச் சாப்பரோன்’ என்ற பெயரை வைத்தது தவளை முட்டையிலுள்ள நியூக்ளியோபிளாஸ்மினுக்கு. அது எதையும் மடிப்பதில்லை. டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதமான ஹிஸ்டோனும் டி.என்.ஏ.வும் செல்லுக்குள் இருக்கும் உப்புச்செறிவில் நேரே சந்தித்தால் கண்டபடி ஒட்டிப் படிந்துவிடும். நியூக்ளியோபிளாஸ்மின் ஹிஸ்டோனைப் பிடித்துவைத்து, முறையாகச் சேரவிட்டுத் தான் விலகிக்கொள்ளும். தகாத சேர்க்கையைத் தடுப்பது, முடிந்த அமைப்பில் இடம்பெறாமல் ஒதுங்குவது: இந்த இரண்டும் சொல்லில் தெரிய வேண்டும்.

இந்த வேலைக்கு நம் அகப்பாட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறாள்: தலைவியை வளர்த்த செவிலித்தாய். தலைவியைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள். மணமானபின் ஒருநடை போய் அவள் குடித்தனத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுபவள். ஆகவே, செவிலிப்புரதம்.

---

> ஆகவே, செவிலிப்புரதம்.

ஐயா, உவமை அழகுதான். ஆனால் இன்றைக்குச் செவிலி என்றால் ஆஸ்பத்திரி. நோயுற்ற புரதத்துக்கு மருத்துவம் பார்ப்பது என்றே மாணவர் நினைப்பார். ‘தோழிப்புரதம்’ என்றால் என்ன? இல்லையென்றால் பாடநூல் வழக்கை ஒட்டி ‘வெப்ப அதிர்ச்சிப் புரதம்’ என்றே விட்டுவிடலாமே. குரோ-ஈ.எல். போன்ற சாப்பரோனின்களுக்கும் (புரதத்தை உள்ளே அடைத்துவைக்கும் கூடு வடிவச் சாப்பரோன்கள்) தனிச்சொல் வேண்டும்.

---

> ‘தோழிப்புரதம்’ என்றால் என்ன?

தோழி சந்திப்பை ஏற்பாடு செய்பவள். யாரோடு, எங்கே என்று அவளுக்குத் தெரியும். சாப்பரோனுக்கு அது தெரியாது. புரதத்தின் இறுதி வடிவம் அதன் அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது. எச்.எஸ்.பி.70 என்ற சாப்பரோன் பிடிப்பது, உள்ளே மறைந்திருக்க வேண்டிய நீர்வெறுப்புத் துண்டு ஒன்றை, ஏறக்குறைய 7 அமினோ அமில நீளத்துக்கு. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. (ATP) ஒட்டியிருக்கும்போது பிடி தளர்வு, அது உடைந்து ஒரு பாஸ்பேட் குறைந்ததும் மூடி இறுகும், புது ஏ.டி.பி. வந்தால் விடுவிக்கும். விடுபட்ட துண்டு தானாக மடிய வேண்டும், முடியாவிட்டால் மறுபடி பிடிபடும்.

வெப்ப அதிர்ச்சிப் புரதம், அதாவது சூட்டில் செல் கூடுதலாக உண்டாக்கும் புரதம், வேறு வகுப்பு, ஒன்றுக்கொன்று பதிலாகாது. வெப்பத்தில் யூபிக்விட்டின் என்ற சிறு புரதமும் கூடும். 76 அமினோ அமிலம் கொண்ட அது அழிக்க வேண்டிய புரதத்தில் குத்தும் முத்திரை, செவிலி அன்று. எச்.எஸ்.பி.70 வகையிலோ சில, சூடே இல்லாத செல்லிலும் எப்போதும் வேலையில் இருக்கின்றன.

சாப்பரோன்களின் உற்பத்திக் கட்டுப்பாட்டை எழுதும்போதும் ‘செவிலி’ என்ற சொல் உதவுகிறது. எச்.எஸ்.எஃப்.1 என்ற மரபணு இயக்கியைச் சாதாரண நாளில் செவிலிகளே பிடித்துவைத்திருக்கும். சூட்டில் புரதங்கள் அவிழ்ந்தால் செவிலிகள் அங்கே ஓடும், விடுபட்ட எச்.எஸ்.எஃப்.1 மும்மூன்றாகச் சேர்ந்து டி.என்.ஏ.யில் அமர்ந்து மேலும் செவிலிகளை உண்டாக்கும். போதுமான அளவு வந்ததும் அவை திரும்பி வந்து அதையே அடக்கும். ‘மடிப்புத்துணை’ என்று போட்டு இந்தப் பத்தியை எழுதிப் பாருங்கள்.

சாப்பரோனினுக்கு, தலைவியை வீட்டுக்குள் காவலில் வைக்கும் இற்செறிப்பிலிருந்து, ‘செறிப்புக்கூடு’. குரோ-ஈ.எல். ஏழேழாக இரண்டு வளையம், மேலே ஏழு அலகுள்ள குரோ-ஈ.எஸ். மூடி. உள்ளே போன புரதம் சுமார் 10 நொடி தனியே அடைபட்டிருக்கும்; ஒட்டிக்கொள்ள வேறு புரதம் பக்கத்தில் இராது. ஏறத்தாழ 60 கிலோடால்ட்டனுக்கு (மூலக்கூற்று எடையலகு) மேற்பட்டது உள்ளே கொள்ளாது.

ஆஸ்பத்திரிக் குழப்பம் உண்மைதான். அதனால் தனியாகச் ‘செவிலி’ என்று முதலில் எழுதாமல், ‘செவிலிப்புரதம்’ என்று ஒருமுறை சொன்னபின் சுருக்கலாம். ஆய்வகக் குறிப்பில் ஓட்டிப் பார்த்தேன், இடறவில்லை: “ஈ.கோலை பாக்டீரியாவில் 37 டிகிரியில் புரதம் கரையாத் திரளாக விழுந்தால் 16–18 டிகிரிக்கு இறக்குக. செறிப்புக்கூட்டையும் அதே செல்லில் சேர்த்து உற்பத்தி செய்க. தூய்மித்தபின் ஜெல்லில் 70 கிலோடால்ட்டன் அருகே கூடுதல் பட்டை தெரிந்தால் அது விடாத செவிலி. அடுத்த முறை, புரதத்தை இறக்குமுன் தூய்மிப்புக் குழாயை (column) ஏ.டி.பி.யும் மெக்னீசியமும் கலந்த கரைசலால் கழுவுக.”

சாப்பரோனுக்கு உதவும் எச்.எஸ்.பி.40 போன்ற கோ-சாப்பரோன்களுக்கு ‘துணைச்செவிலி’ வேண்டாம், அது சுகாதார நிலையப் பதவிப் பெயர். ‘உடன்செவிலி’ எனலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.